சாஃப்ட்வேரை நீக்கியாச்சு, அதன் கோப்புகள்? – ஓர் அச்சகக் கணினியில் செய்த வேலை

கோவில்பட்டியில் தெரிந்தவர் ஒருவரின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாமே ஒரே கணினியில்தான். விண்டோஸ் 10, 120 ஜிபி எஸ்எஸ்டி. அட்டையில் 120 என்று இருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 111 ஜிபிதான். அந்த சி டிரைவ் சிவப்பாகி, பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரில் சேவ் கொடுத்தால் இடமில்லை என்று நிற்கிறது. கணினி ஆன் ஆனதும் 'ரன்டிஎல்எல்' என்ற தலைப்பில் ஒரு பெட்டி வந்து, ஏதோ ஒரு மாட்யூலைக் காணவில்லை என்கிறது. எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்ட பிரின்டர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. அவசரத்தில் பிரின்ட் கொடுத்தால் வேலை அதற்குப் போய் மாட்டிக்கொள்கிறது.

"ஃபார்மட் அடிச்சிருவோமா தம்பி?" என்றார் அண்ணாச்சி. அடித்தால் அவருடைய டிசைன் சாஃப்ட்வேரின் உரிமம் போய்விடும். இந்தக் கணினிக்கென்று பதிவு செய்து வாங்கியது. மறுபடி பதிவு செய்துகொடுக்க இன்று ஆள் இல்லை. ஆகவே ஓடுவதை ஓடவிட்டு, ஓடாததன் மிச்சத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

மிச்சம் ஏன் நிற்கிறது என்று புரிந்தால் அதை எங்கே தேடுவது என்பதும் புரியும். அன்இன்ஸ்டாலர் பொதுவாகத் தன் பட்டியலில் உள்ளதை மட்டுமே நீக்கும். இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவியில் கட்டிய சாஃப்ட்வேர் என்றால் அதன் ஃபோல்டரில் 'அன்இன்ஸ்000' என்ற பெயரில் ஒரு எக்ஸிஇ கோப்பும் ஒரு டேட் கோப்பும் இருக்கும். இன்ஸ்டால் ஆனபோது எதை எங்கே வைத்தது என்ற குறிப்பு அந்த டேட் கோப்பில்தான் இருக்கிறது. விண்டோஸின் சொந்த இன்ஸ்டால் முறையான எம்எஸ்ஐ வகை சாஃப்ட்வேருக்கு அந்தக் கணக்கை விண்டோஸே வைத்துக்கொள்ளும். இரண்டிலும், இன்ஸ்டால் முடிந்து சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த பிறகு அது தானாக உருவாக்கும் லாக் (நடந்ததை எழுதிவைக்கும் கோப்பு), கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), இறக்கிவைத்த அப்டேட் எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. தயாரித்தவர் மெனக்கெட்டு எழுதிச் சேர்த்திருந்தால் உண்டு. இது போக, திரும்ப இன்ஸ்டால் செய்யும்போது பழைய செட்டிங் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைப்பவையும் உண்டு. ஒரே கணினியில் நாலு பேர் லாகின் வைத்திருந்தால், நீக்கியவரின் கணக்கு மட்டும் சுத்தமாகி மற்ற மூன்று பேரின் ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கும்.

முதலில் பாதுகாப்பு. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் அணைந்திருந்தது. பல கணினிகளில் அப்படித்தான் இருக்கிறது. அதை ஆன் செய்து, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டேன். ஆனால் ரீஸ்டோர் பாயின்ட் சிஸ்டம் கோப்புகளையும் விண்டோஸின் செட்டிங் பதிவேடான ரெஜிஸ்ட்ரியையும்தான் மீட்கும், தெரியாமல் அழித்துவிட்ட ஒரு பத்திரிகை டிசைனைத் திருப்பித் தராது. அதனால் டிரைவ் முழுவதையும் இமேஜாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துவைத்த பிறகுதான் கை வைத்தேன். வாடிக்கையாளர் வேலை இருக்கிற கணினியில் இதைச் செய்யாமல் தொடங்கக் கூடாது.

இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க விஸ்ட்ரீயை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டேன். டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே நேராகப் படிப்பதால் சில நொடியில் முழு டிரைவும் அளவு வாரியாக வந்துவிடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸில் பெரிதாக ஒன்றும் இல்லை. கனமெல்லாம் மறைந்திருக்கும் இரண்டு இடங்களில். ஒன்று, சி டிரைவின் வேரிலேயே இருக்கும் புரோகிராம்டேட்டா. மற்றொன்று, ஒவ்வொரு பயனரின் ஃபோல்டருக்குள்ளும் இருக்கும் ஆப்டேட்டா. அதற்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று பிரிவு. ரன் பெட்டியில் சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் திறப்பது ரோமிங் மட்டும்தான். பலர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். குப்பை பெரும்பாலும் லோக்கலில்தான் சேருகிறது.

இங்கே புரோகிராம்டேட்டாவில் போய்விட்ட பிரின்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர். உள்ளே லாக் கோப்புகள் மட்டும் பல நூறு எம்பி. திறந்து பார்த்தால் 'சாதனத்தைக் காணவில்லை' என்ற அர்த்தத்தில் ஒரே வரி, முப்பது வினாடிக்கு ஒருமுறை, கடைசி வரி அன்று காலை. இதுதான் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு. தேதி பழையதாக இருந்தால் அது வெறும் மிச்சம். இன்றைய தேதியில் வரி எழுதப்பட்டிருந்தால், எழுதுகிறவன் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறான். அந்த லாகை அழித்தால் மறுநாள் திரும்ப முளைக்கும்.

எழுதுவது யார் என்று பார்க்க ப்ராசஸ் மானிட்டர். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் ஆரம்பித்த சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று; 2006இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, இன்றும் இலவசம். திறந்தவுடன் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். ஃபில்டரில் 'பாத்' என்பதில் அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தேன். திரை காலியானது. அரை நிமிடம் போல் காத்திருந்ததும் ஒரு வரி வந்தது: ரைட்ஃபைல், இன்ன எக்ஸிஇ, இன்ன ப்ராசஸ் எண். அந்த எக்ஸிஇ இருந்த இடம் புரோகிராம் ஃபைல்ஸ் அல்ல, காமன் ஃபைல்ஸ். பிரின்டர் சாஃப்ட்வேரை நீக்கியபோது பின்னணியில் தானாக ஓடும் 'நிலை கண்காணிப்பு' சர்வீஸை மட்டும் அது விட்டுவிட்டிருந்தது.

சர்வீஸை நீக்குவதற்கு முன் சர்வீசஸ் ஜன்னலில் அதன் உண்மைப் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் தெரியும் பெயர் வேறு, ப்ராப்பர்ட்டீஸில் 'சர்வீஸ் நேம்' என்று இருப்பது வேறு. கமாண்டுக்கு வேண்டியது இரண்டாவது. முதலில் ஸ்டாப், பிறகு டிசேபிள், ரீஸ்டார்ட். அச்சகத்தின் இப்போதைய பிரின்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒரு பத்திரிகை அடித்துப் பார்த்தோம். அதன் பிறகே சர்வீஸை நீக்கும் எஸ்சி டெலீட் கமாண்ட். இந்தக் கமாண்டை பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் அடிக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் 'எஸ்சி' என்ற சொல் கோப்பில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர். அங்கே அடித்தால் பிழைச் செய்தியே வராது, 'டெலீட்' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும், சர்வீஸ் அப்படியே இருக்கும். இன்னொன்று: சர்வீசஸ் ஜன்னல் திறந்திருக்கும்போது டெலீட் கொடுத்தால் '1072, நீக்கக் குறிக்கப்பட்டுள்ளது' என்று நிற்கக்கூடும். ஜன்னலை மூடினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரன்டிஎல்எல் பெட்டிக்கு ஆட்டோரன்ஸ். கணினி எழும்போது தானாக ஓடக்கூடிய எல்லா இடங்களையும் ஒரே பட்டியலில் கொட்டிக்காட்டும் கருவி. ரெஜிஸ்ட்ரியின் ரன் கீ, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஷெட்யூல்டு டாஸ்க், சர்வீஸ், டிரைவர், எக்ஸ்ப்ளோரருக்குள் ஒட்டிக்கொள்ளும் நீட்சிகள் என எல்லாமே அதில் உண்டு. மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும்படி சொல்லிவிட்டு மஞ்சள் நிற வரிகளைப் பார்த்தேன். மஞ்சள் என்றால் குறிப்பிட்ட கோப்பு அங்கே இல்லை. நாம் தேடுவதும் அதைத்தான்: கோப்பு போய்விட்டது, கூப்பிடும் வரி மட்டும் நிற்கிறது. ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தில் கிடைத்தது. லாகின் ஆனதும் ரன்டிஎல்எல்32 வழியாக ஒரு டிஎல்எல்லை (சாஃப்ட்வேர் பயன்படுத்தும் துணைக் கோப்பு) கூப்பிடச் சொல்லும் டாஸ்க். அந்த டிஎல்எல் நீக்கப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஆட்டோரன்ஸில் எனக்குப் பிடித்தது, டிக்கை எடுத்தால் வரி அழியாமல் முடங்கி மட்டும் நிற்பது. திரும்ப டிக் போட்டால் பழையபடி வரும். எனவே முதலில் டிக் எடுத்து ரீஸ்டார்ட். பெட்டி வரவில்லை. பிறகு டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து அங்கிருந்தே நீக்கினேன். சிஸ்டம்32க்குள் டாஸ்க்ஸ் ஃபோல்டரில் அந்த டாஸ்க்கின் கோப்பு கண்ணுக்குத் தெரியும். அதை அங்கே போய் அழித்தால் ரெஜிஸ்ட்ரியில் அதன் இன்னொரு பாதி நின்றுவிடும். பதிவை வைத்தவன் வழியாகவே பதிவை எடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை ரைட் கிளிக் மெனுவில் தெளிவாகப் பார்க்கலாம். பழைய ஸ்கேனர் சாஃப்ட்வேர் ஒன்று 'இதில் சேமி' என்று ஒரு வரியை மெனுவில் விட்டுப் போயிருந்தது. அதன் டிஎல்எல்லை நேராக அழிக்கப் போனால் எக்ஸ்ப்ளோரரில் திறந்திருக்கிறது என்று மறுக்கும். கோபத்தில் சேஃப் மோடில் போய் அழித்துவிடலாம்தான். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் அந்த டிஎல்எல்லைக் காட்டும் பதிவுகள் அப்படியே அநாதையாகிவிடும், அவற்றை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த டிஎல்எல்தான். எனவே கோப்பு இருக்கும்போதே டிஎல்எல்களைப் பதிவு செய்யும் ரெக்எஸ்விஆர்32 என்ற கமாண்டை 'யூ' சுவிட்சோடு ஓட்டி, தன் பதிவைத் தானே நீக்கிக்கொள்ளச் செய்தேன். பிறகு டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரருக்கு ரீஸ்டார்ட். அதற்கப்புறம் கோப்பு எதிர்ப்பில்லாமல் போனது. முதலில் பதிவு, பிறகு கோப்பு. இந்த வரிசை மாறினால்தான் மஞ்சள் வரிகள் பிறக்கின்றன.

போய்விட்ட பிரின்டரின் பேயை ஓட்ட, பட்டியலில் ரிமூவ் டிவைஸ் கொடுத்தால் மட்டும் போதாது. டிரைவர் உள்ளேயே இருக்கும். பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கம் போய் 'டிரைவரும் பேக்கேஜும்' என்ற தேர்வோடு நீக்கவேண்டும். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. க்யூவில் பழைய வேலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேன்சல் செய்து பிரின்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கியதும் விட்டுக்கொடுத்தது. அருகிலுள்ள போர்ட்ஸ் பட்டியலில் அதன் ஐபி முகவரியும் நின்றது, அதையும் எடுத்தாயிற்று.

ஆப்ஸ் பட்டியலில் ஒரு வெற்றுப் பெயர். அன்இன்ஸ்டால் கொடுத்தால் கோப்பைக் காணோம் என்கிறது. யாரோ புரோகிராம் ஃபைல்ஸில் போய் ஃபோல்டரையே அழித்திருக்கிறார்கள். இந்தப் பெயர்கள் வருவது ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினின் சாஃப்ட்வேர் பகுதியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று இறங்கினால் வரும் கீயிலிருந்து. 32 பிட் சாஃப்ட்வேர் என்றால் நடுவில் வாவ்6432நோட் என்ற இன்னொரு அறை. அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்தேன். அழிப்பதற்கு முன் அதற்குள் இருந்த 'இன்ஸ்டால்டேட்' மதிப்பைக் குறித்துக்கொண்டேன். ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கமாக இருக்கும்.

அந்தத் தேதிதான் பொக்கிஷம். எவ்ரிதிங் என்ற தேடல் கருவியில் அந்த நாளில் உருவான கோப்புகளை மட்டும் வரிசைப்படுத்தினேன். கவனிக்கவேண்டியது 'மாற்றிய தேதி' அல்ல, 'உருவாக்கிய தேதி'. இன்ஸ்டாலர்கள் பல நேரம் தயாரிப்பாளரிடம் கோப்பு முடிந்த தேதியையே மாற்றிய தேதியாக விட்டுவைக்கும். இந்தக் கணினிக்குள் அது வந்து இறங்கிய நேரம் பெரும்பாலும் உருவாக்கிய தேதியில்தான் தெரியும். அந்த நாளில் ஒரே நிமிடத்துக்குள் பிறந்த கோப்புகள் ஒரு கொத்தாக வந்தன: புரோகிராம்டேட்டாவில் ஒரு ஃபோல்டர், காமன் ஃபைல்ஸில் ஒன்று, பப்ளிக் டாக்குமென்ட்ஸில் மாதிரிக் கோப்புகள். ஃபோல்டரின் பெயருக்கும் சாஃப்ட்வேரின் பெயருக்கும் ஒட்டுறவே இல்லை. தயாரித்த நிறுவனத்தின் சுருக்கெழுத்து அது. பெயரை வைத்துத் தேடியிருந்தால் சிக்கியிருக்காது. சந்தேகமானவற்றை ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் பார்த்து உறுதி செய்தேன்.

எதையும் உடனே அழிக்கவில்லை. ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு சேர்த்துவிட்டு, வழக்கம்போல் வேலை செய்யச் சொன்னேன். ஏதாவது அதைத் தேடினால் பிழை வரும், பெயரைத் திருப்பி மாற்றினால் சரியாகும். ஒரு முகூர்த்த மாதம் முழுக்க ஓடி ஒன்றும் ஆகவில்லை என்றால் அழிக்கலாம்.

இனி, தொடக் கூடாத இடம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டர் பார்க்கும்போது குப்பை மாதிரியே இருக்கும். அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள், எல்லாம் எம்எஸ்ஐ, எம்எஸ்பி கோப்புகள், அளவோ ஜிபி கணக்கில். இன்று ஓடும் சாஃப்ட்வேரை ரிப்பேர் செய்யவும் அப்டேட் போடவும் நீக்கவும் அவை வேண்டும். அழித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்து ஒரு அப்டேட் 'மூலக் கோப்பு எங்கே' என்று கேட்டு நிற்கும். டீடெய்ல்ஸ் பார்வையில் 'சப்ஜெக்ட்' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் எது எந்த சாஃப்ட்வேருடையது என்று தெரியும், பார்த்துவிட்டு மூடிவிட்டேன். புரோகிராம்டேட்டாவில் இருக்கும் பேக்கேஜ் கேஷும் இதே சாதிதான். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் காட்டும் அளவும் உண்மையல்ல. ஒரே கோப்புக்கு ஹார்ட் லிங்க் வழியாக இரண்டு முகவரி இருப்பதால் இரண்டு முறை எண்ணப்படுகிறது. அதைக் குறைக்க விண்டோஸின் டிஸ்ம் கமாண்டில் ஸ்டார்ட்காம்பொனென்ட்க்ளீன்அப் போன்ற விண்டோஸின் சொந்த வழிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதை ஓட்டியதில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எதையும் போடவில்லை. அப்படிப்பட்ட கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆயிரம் கீ அநாதையாகக் கிடந்தாலும் கணினியின் வேகம் குறைந்ததாக நான் பார்த்ததில்லை. ஓட முயலும் கீதான் தொந்தரவு, சும்மா கிடக்கும் கீ அல்ல.

அடுத்து ஃபாண்ட். நீக்கப்பட்டிருந்த பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாண்டுகளை விட்டுப் போயிருந்தது. கணக்குப்படி அவையும் மிச்சம்தான். ஆனால் அண்ணாச்சியிடம் பல வருடத்துப் பத்திரிகைகள் பேஜ்மேக்கர் கோப்பாக இருக்கின்றன. 2001இல் வந்த 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. அச்சகங்களில் மட்டும் பழைய என்கோடிங் ஃபாண்டுகள் இன்றும் தினசரி ஓடுகின்றன. அந்த ஃபாண்டை எடுத்துவிட்டால் கோப்பு திறக்கும், ஆனால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். "அக்காவுக்கு நிச்சயம் பண்ணுன வீட்ல தங்கச்சிக்கும் இதே மாடல்ல கேப்பாங்க தம்பி, பழச எடுத்துத்தான் பேர மாத்துவோம்" என்று அங்கே டிடிபி போடும் அக்கா சொன்னார். ஒரு ஃபாண்டையும் தொடவில்லை. முழு ஃபாண்ட் ஃபோல்டரையும் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

இதோடு ஒட்டியதுதான் பழைய ஆபரேட்டரின் லாகின். வேலையை விட்டுப் போய்விட்டார், ப்ரொஃபைல் மட்டும் பல ஜிபியோடு நிற்கிறது. யூசர்ஸ் ஃபோல்டரில் போய் அந்தப் பெயரை அழிக்கக் கூடாது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் யூசர் ப்ரொஃபைல்ஸ் வழியாக நீக்கினால்தான் ரெஜிஸ்ட்ரிப் பதிவும் சேர்ந்து போகும். ஆனால் அதற்கு முன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பார்த்து டிசைன்களை எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஒன்று பார்த்தேன்: விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ஒரு ஃபாண்டை ரைட் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால், அது விண்டோஸின் பொது ஃபாண்ட் ஃபோல்டருக்குப் போகாமல் அந்தப் பயனரின் ஆப்டேட்டா லோக்கலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பழைய ஆபரேட்டர் வாங்கிப் போட்டிருந்த தலைப்பு எழுத்து ஃபாண்டுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றை வெளியே எடுத்து, 'எல்லாப் பயனருக்கும்' என்ற தேர்வில் மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகே ப்ரொஃபைலை நீக்கினேன்.

கடைசியாக, இனி வருவதைக் கணக்கில் வைக்கும் வேலை. புது பிரின்டரின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்ய வேண்டியிருந்தது, அதை வைத்தே ஒரு முறையை ஏற்படுத்தினேன். ரெக்‌ஷாட் என்ற, முன் நிலையையும் பின் நிலையையும் ஒப்பிடும் கருவியில் முதல் ஷாட் எடுத்துச் சேமித்தேன். ரெஜிஸ்ட்ரியோடு புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டாவையும் ஸ்கேன் பட்டியலில் சேர்த்தேன். இன்ஸ்டால், ரீஸ்டார்ட், ஒரு டெஸ்ட் பேஜ். பிறகு இரண்டாவது ஷாட், கம்பேர். புதிதாக வந்த கீ, புதிதாக வந்த கோப்பு, மாறிய மதிப்பு என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடைக்கும். அந்த இடைவெளியில் விண்டோஸ் தானாகச் செய்த மாற்றங்களும் கலந்து வரும், அதனால் பிரவுசர், அப்டேட் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ப்ராசஸ் மானிட்டரில் 'கேட்டகரி ரைட்' என்ற ஃபில்டரைப் போட்டு, ட்ராப் ஃபில்டர்டு ஈவன்ட்ஸை ஆன் செய்துவிட்டு இன்ஸ்டாலரை ஓட்டலாம். ப்ராசஸ் ட்ரீயில் செட்டப்பின் மீது வைத்து அதன் கிளைகளையும் சேர்க்கும்படி சொன்னால், அது பெற்றுப்போட்ட குட்டி ப்ராசஸ்கள் எழுதியதும் பட்டியலில் வந்துவிடும்.

புது சாஃப்ட்வேரை ஒருமுறை முயன்று பார்க்க மட்டும் என்றால் ப்ரோ பதிப்பில் இருக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸே போதும். மூடினால் உள்ளே போட்டது மொத்தமும் அழிந்துவிடும். பிரின்டர் டிரைவர் மாதிரி வன்பொருளைத் தொடுவதற்கு அது உதவாது.

ரெக்‌ஷாட் கொடுத்த டெக்ஸ்ட் கோப்பை டி டிரைவில் 'இன்ஸ்டால் குறிப்பு' என்ற ஃபோல்டரில் பிரின்டர் பெயரும் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன்; எக்ஸ்போர்ட் செய்த ரெஜிஸ்ட்ரி கீகளும் அதே இடத்தில். இனி எதை இன்ஸ்டால் செய்தாலும் முன்னும் பின்னும் ஷாட் எடுக்க அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தாயிற்று. சி டிரைவில் இப்போது கால்வாசிக்கு மேல் காலி. அடிக்கோடு போட்ட ஃபோல்டர்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் போய் எடுக்க வேண்டும்.